காசியம்மாள் சொன்னதாக நான் எழுதியது

இந்த ஆண்டு பட்ஜெட்டுக்கு மறுநாள் பேப்பரில் என் படம் வந்திருந்தது. ஸ்டாம்ப் அளவு. கீழே மூன்று வரிகள். முதல் இரண்டும் நான் போனில் சொன்னவை: "ஓய்வூதியம் கொடுக்கலாமா, வேண்டாமா என்று எல்லோரும் பேசுகிறார்கள். யாருக்கு நிறுத்தினார்கள், எதனால் நிறுத்தினார்கள் என்று யாரும் கேட்பதில்லை." மூன்றாவது வரியை நான் சொல்லவில்லை. "மொத்தத்தில் இது வரவேற்கத்தக்க பட்ஜெட்."

கருத்து கேட்ட நிருபருக்கு முப்பது வயது இருக்கும். அன்று காலையே கூப்பிட்டு, "சார், நல்லா வந்துக்குதா?" என்றார். வந்திருக்கிறது என்றேன். மூன்றாவது வரியைப் பற்றி நான் கேட்கவில்லை. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது இரண்டு வரிக்குத்தான் இருந்தது. பேப்பரில் அதற்கு ஒதுக்கிய பெட்டியோ மூன்று வரிப் பெட்டி.

சில நாள் கழித்து அவரே, நிருபர்கள் சேர்ந்து கொண்டுவரும் மலருக்கு என் அனுபவம் ஒன்றை எழுதித் தரச் சொன்னார். "கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும் சார்" என்றார். அப்படிச் சில உண்டு. ஆனால் அந்த மூன்றாவது வரியைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை.

என் பெயர் சவரி. பகுதி நேர நிருபராக இருந்தவன். இருபத்தெட்டு ஆண்டுகள் கள்ளக்குறிச்சி. சேர்ந்தபோது செய்தியைத் தாளில் எழுதி, கவரில் போட்டு, பஸ் நிலையத்தில் விழுப்புரம் வண்டி கண்டக்டரிடம் கொடுப்பேன். அங்கே ஆபீசிலிருந்து ஆள் வந்து வாங்கிக்கொள்வார். பிறகு பேக்ஸ் வந்தது, பிரவுசிங் சென்டர் வந்தது, கடைசியில் போன் ஒன்றே போதும் என்றானது. பகுதி நேர நிருபருக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று கிடையாது. ஒரு நாள் ஆபீசிலிருந்து போன் வராது. அவ்வளவுதான்.

தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் செய்தி ஆசிரியர் கோதண்டராமன். நேரில் பார்த்தது மொத்தம் பத்து முறை இருக்கலாம். மற்றதெல்லாம் போனில். குரலை உயர்த்த மாட்டார். நான் செய்தியைப் படிக்கப் படிக்க, வாக்கியத்துக்கு ஒரு "ம்" போடுவார். எந்த வாக்கியத்துக்கு "ம்" வரவில்லையோ அதில் பிழை இருக்கிறது என்று பொருள். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். காத்திருப்பார். நாமே கண்டுபிடித்துத் திருத்தினால், விட்ட இடத்திலிருந்து "ம்" மறுபடி தொடங்கும்.

ஒருமுறை விபத்தில் இறந்த லாரி டிரைவரின் வயதை ஓராண்டு கூட்டி எழுதிவிட்டேன். மறுநாள் என்னை அந்த வீட்டுக்கே அனுப்பினார். துக்க வீட்டில் போய், வயது சரியா என்று கேட்டுத் திருத்தம் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கூச்சம் என்னை இருபது ஆண்டுகள் ஒழுங்காக வைத்திருந்தது.

அதே கோதண்டராமன் பட்ஜெட் கருத்துகளில் இப்படி எதையும் பார்த்ததில்லை.

பட்ஜெட் நாள் எங்களுக்கு முந்தைய நாளே தொடங்கிவிடும். சட்டசபையில் நிதியமைச்சர் வாசித்து முடிக்க மதியம் ஆகும். எங்கள் பக்கத்துக்கு வேண்டிய கருத்துகள் நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்துக்குள் ஆறு பேரைத் தேடிப் பிடித்து, அறிவிப்பை விளக்கி, கருத்து கேட்டு, படம் எடுத்து அனுப்ப முடியாது. அதனால் முந்தைய நாளே படம் எடுத்துவிடுவோம். உங்கள் பெயரில் ஒரு கருத்து போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்வோம். யாரும் மறுத்ததில்லை. வியாபாரி, ஆடிட்டர், கரும்பு விவசாயி, அரசு ஊழியர், இல்லத்தரசி, கூலித் தொழிலாளி என்று ஆறு பேர். மூவர் வரவேற்பார்கள், மூவர் ஏமாற்றம் அடைவார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை, அறிவிப்பு வந்ததும் நான் உட்கார்ந்து பிரித்துக்கொடுப்பேன். மூங்கில்துறைப்பட்டு விவசாயி ஒருவர் எனக்கு அந்தச் சிரமமும் வைக்கவில்லை. "கரும்புக்கு வெல பத்தலன்னு போட்டுக்கோ சார். எந்த வருசத்துக்கும் அது கரெக்டாதான் இருக்கும்" என்று மொத்தமாக அனுமதி கொடுத்திருந்தார்.

வயது என்பது தகவல், தவறக் கூடாது. கருத்து என்பது கருத்துதானே. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

நான் சொல்ல வந்த ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. அப்போது ஊரெல்லாம் பென்ஷன் பேச்சு. பழைய ஓய்வூதியம் வேண்டும் என்று அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து முடித்திருந்தார்கள். இன்னொரு பக்கம், முதியோர் உதவித்தொகையைத் தகுதி இல்லாதவர்களும் வாங்குகிறார்கள், அரசு கஜானா காலியாகிறது என்று ஒரு பேச்சு. தியாகதுருகம் பஸ் நிலைய டீக்கடையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் உரக்கடைக்காரர் ஒருவரும் இதை வைத்து மோதிக்கொண்டார்கள். இலவசமாகக் கொடுத்துக்கொடுத்து ஜனங்களைக் கெடுக்கிறார்கள் என்றார் ஆசிரியர்.

"வாத்தியாரே, உனுக்கு ஏத்தினா அது உரிமை. எங்க தெருவுல இருக்கிற கெய்விக்கு ஏத்தினா அது இலவசமா?" என்றார் உரக்கடைக்காரர்.

"நான் முப்பது வருசம் வேல செஞ்சவன்யா."

"அந்தக் கெய்வி மட்டும் இன்னா, நாத்து நட்டதெல்லாம் பொழுது போவாமலா?"

கடையே சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு இருவருக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்தார். பட்ஜெட்டைப் பற்றி நான் கேட்டவற்றில் சிறந்த பேச்சு அதுதான். அது அச்சில் வரவில்லை. அதில் வரவேற்பும் இல்லை, ஏமாற்றமும் இல்லை.

அந்த ஆண்டு மாநில பட்ஜெட்டில் முதியோர் உதவித்தொகை பற்றி அறிவிப்பு இருக்கும் என்று பேச்சு. கூலித் தொழிலாளிக்குப் பதிலாக, உதவித்தொகை வாங்கும் ஒரு பெண் வேண்டும், மலையடிவாரத்து ஆளாக இருந்தால் நல்லது என்றார் கோதண்டராமன். முந்தைய நாள் வடக்கனந்தல் போனேன். ஒரு கடை வாசலில் வங்கியின் ஆள் கைரேகை மிஷினோடு உட்கார்ந்திருந்தார். எதிரே உதவித்தொகை வாங்கப் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். மிஷின் புதிதாக வந்த சமயம். வரிசையில் வந்த காசியம்மாள் என்ற பெண்மணியின் விரலை அது ஏற்கவில்லை. கல்வராயன் மலையில் மரவள்ளி பிடுங்கும் கூலி வேலைக்குப் போய்ப் போய் ரேகை தேய்ந்திருந்தது. "தலயில தேச்சிட்டு வைம்மா" என்றார் வங்கி ஆள். காசியம்மாள் விரலைத் தலைமயிரில் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பசையோடு மறுபடி வைத்தார். நாலாவது முறை மிஷின் ஏற்றுக்கொண்டது.

அவரைத்தான் தேர்ந்தெடுத்தேன். வயது அறுபத்தெட்டு என்றார். ஆதார் அட்டையை வாங்கிச் சரிபார்த்துக்கொண்டேன். கணவர் இல்லை. ஒரே மகன் முருகேசன். மூன்று வருடங்களுக்கு முன், மலை மேல் வெள்ளிமலைப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் கூட்டிப்போன ஆட்களோடு மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போனவன். அதன் பிறகு தகவல் இல்லை. உதவித்தொகையை ஏற்றப்போகிறார்களாமே, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஏத்துறது ஏத்தாதது அவங்க இஷ்டம் சார். வந்துக்கினு இருக்கிறது நிக்காம இருந்தா போதும்."

படம் எடுக்கும் முன் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"பேப்பரு கேரளாக்குலாம் போவுமா சார்? எம்புள்ள பாப்பானா?"

போகும் என்றேன். எங்கள் பதிப்பு விழுப்புரம் மாவட்டத்தைத் தாண்டாது.

மறுநாள் உதவித்தொகையை ஏற்றி அறிவிப்பு வந்தது. அறிவிப்பு மகிழ்ச்சி அளிக்கிறது, அரசுக்கு நன்றி என்று காசியம்மாள் பெயரில் எழுதி அனுப்பினேன். மூன்றே முக்கால் மணிக்கு கோதண்டராமன் கூப்பிட்டார். "சவரி, அந்தம்மாவுக்கு ரெண்டு வரிதான் இருக்கு. பெட்டி கோணலா நிக்குது." இதோ சொல்கிறேன் சார் என்றேன். அந்தப் பெண்மணியைப் பற்றி எனக்கு நினைவில் இருந்தது மகன் ஒன்றுதான். "கேரளாவில் வேலை பார்க்கும் என் மகனும் மாதந்தோறும் பணம் அனுப்புவதால் நிம்மதியாக இருக்கிறேன்" என்று போனிலேயே சொன்னேன்.

"ம்" என்றார்.

அரை நிமிடம் கூட ஆகியிருக்காது.

அதன் பிறகு நடந்ததைப் பிற்பாடு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். வடக்கனந்தலில் சலூன்காரர் அந்தப் படம் வந்த துண்டை வெட்டிக் கொடுத்திருக்கிறார். காசியம்மாள் அதைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து லேமினேஷன் செய்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. படம் வந்திருக்கிறது, கீழே நல்லதாக நாலு வார்த்தை போட்டிருக்கிறார்கள் என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது. நாலு மாதம் கழித்து, தகுதி இல்லாதவர்களை நீக்க தாலுகா முழுக்க விசாரணை வந்தது. வளர்ந்த மகன் ஆதரித்தால் உதவித்தொகை கிடையாது. மகன் கைவிட்டிருந்தால் உண்டு. விசாரணைக்கு வரும்போது இருக்கிற ஆதாரத்தை எல்லாம் கொண்டுவாருங்கள் என்றார்களாம். ரேஷன் கார்டு, அட்டை, பாஸ்புக். அவற்றோடு லேமினேஷன் செய்த அந்தத் துண்டையும் காசியம்மாள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள், இதைவிட என்ன ஆதாரம் என்று நினைத்து, கேட்காமலே எடுத்து நீட்டியிருக்கிறார். சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி தாசில்தார் அதை வாங்கிப் படித்தார். ஃபைலில் வைத்தார். அடுத்த மாதம் பணம் வரவில்லை.

எனக்கு அப்போது பஸ் நிலையம் அருகே ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை இருந்தது. ஒரு மதியம் காசியம்மாள் படியேறி வந்தார். விஷயம் முந்தின நாளே என் காதுக்கு வந்திருந்தது. பணம் நின்றுபோனதைக் கேட்க வந்திருக்கிறார் என்று பதிலைத் தயார் செய்துகொண்டேன். வந்தவர் உட்காரவில்லை.

"சார், எம்புள்ள பணம் அனுப்புறானாமே."

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"தாசில்தார் அம்மா படிச்சாங்க சார். மாசா மாசம் அனுப்புறான்னு போட்டுக்குதாம். எனுக்கு ஒன்னும் வர்ல. விலாசம் மாறி வேற யாரு வூட்டுக்காவது போவுதோ இன்னாவோ. உங்களுக்கு எந்த ஊர்லேர்ந்து சார் தகவல் வந்திச்சி?"

நின்றுபோன உதவித்தொகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகன் உயிரோடு இருக்கிறான், பேப்பருக்கு அது தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நம்பி வந்திருந்தார். கையில் மகனுடைய பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் நகல் இருந்தது. விலாசம் சரிபார்க்க உதவும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"விசாரிச்சு சொல்றேம்மா" என்றேன்.

அதற்கடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு முறையும் அதே பதில் சொன்னேன். மூன்றாம் முறை போகும்போது, பேப்பர் ஆபீசில் பெரியவர்களைக் கேட்டால் தெரியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகு, செய்தி எழுதும் முன் செய்ய வேண்டியதை நான் செய்யக் கிளம்பினேன்.

வெள்ளிமலைக்கு கச்சிராயபாளையம் வழியாக பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கி, மேஸ்திரியின் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தேன். மேஸ்திரி களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். முருகேசனை நினைவிருந்தது.

"அவனா? ஈரோட்ல வண்டி நின்னப்போ டீ குடிக்க எறங்குனான் சார். வண்டி எடுத்துட்டாங்க. ஏறுவான்னு பாத்துக்கினே இருந்தோம். ஏறல."

"அவங்க அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இன்னான்னு சார் சொல்றது? வூட்டுக்குத் திரும்பியிருப்பான்னு நெனச்சிக்கினோம்."

அவன் கேரளாவுக்கே போய்ச் சேரவில்லை.

மலையிலிருந்து இறங்கி நேராக வடக்கனந்தல் போனேன். காசியம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். மேஸ்திரி சொன்னதை முதலில் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். இரண்டையும் கேட்டுவிட்டு, கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்போ பணம் அனுப்புறான்னது, நீங்களா எழுதுனதா சார்?"

"ஆமாம்மா."

"எதுக்கு சார்?"

இதற்கு வேறு பதில்கள் இருந்தன. நல்லபடியாக இருக்கட்டும் என்று எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். பேப்பர்காரர்கள் சேர்த்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மை கூட இருந்தது.

"எடம் காலியா இருந்திச்சும்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். காலியாக இருக்கும் இடத்தை நிரப்புவது அவருக்கு விளங்காத காரியம் அல்ல என்பதுபோல. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

மறுநாள் தனி தாசில்தாரைப் பார்த்தேன். கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். ஃபைலை வரவழைத்து, அந்தத் துண்டை மேஜை மேல் வைத்தார். "சார், உங்க பேப்பர நம்பி நான் நிறுத்தல. அந்தம்மாவே கொண்டாந்து குடுத்தாங்க. அவங்க சொன்னதுன்னு போட்டிருக்கு. நான் வேற எத நம்புறது?" என்றார். அவர் செய்தது சரி. அந்த ஃபைலில் தவறு செய்திருந்தவன் நான் ஒருவன்தான். இரண்டு தாள்கள் கேட்டார். ஒன்று, அது காசியம்மாள் சொன்னதல்ல என்று நான் எழுதித் தருவது. மற்றது, மகன் ஆதரவு இல்லை, மூன்றாண்டுகளாக இருக்குமிடம் தெரியாது என்று காசியம்மாளின் வாக்குமூலம், கைரேகையோடு.

கோதண்டராமனைக் கூப்பிட்டு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ஒரு வாக்கியத்துக்கும் "ம்" வரவில்லை. முடித்த பிறகு, "உன் பேர்ல குடு. பேப்பர் பேர்ல குடுக்காத" என்றார். கொடுத்தேன். நிரந்தர நிருபராக எடுக்கப்போகிறார்கள் என்று இரண்டு ஆண்டுகளாக இருந்த பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த பட்ஜெட்டுக்குக் கள்ளக்குறிச்சிக் கருத்துகளை தியாகதுருகம் நிருபர் எடுத்தார். அதே ஆறு பேர், அதே மூன்று வரி.

என் தாள் ஃபைலில் சேர்ந்துவிட்டது. இரண்டாவது தாள் சேரவில்லை. காசியம்மாள் கைரேகை வைக்க மறுத்துவிட்டார். கிராம உதவியாளர் போய்ச் சொன்னார். நானும் போய்ச் சொன்னேன்.

"இத்தினி நாளும் அவன் எங்கயோ இருக்கான்னு இருந்தேன் சார். யாரும் எழுதிக் குடுன்னு கேக்கல. இப்போ அவன் இல்லன்னு நானே ரேக வெக்கணுமா?"

"இல்லன்னு இல்லம்மா. எங்க இருக்கான்னு தெரியலன்னு."

"எனுக்கு ரெண்டும் ஒன்னுதான் சார்."

என் வரி இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. மூன்று வருடமாக அவர் மகனைப் பற்றி எந்த முடிவுக்கும் வராமல் வாழப் பழகியிருந்தார். அதை நான் கெடுத்தேன். முதலில் இருக்கிறான் என்றேன். பிறகு இல்லை என்றேன். இப்போது அதை அவரே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தாளோடு நின்றேன்.

கரும்பு வெட்டு தொடங்கியதும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வெட்டும் ஆட்களுக்குச் சமைத்துப்போடப் போனார். அந்த வயதில், பதினைந்து பேருக்கு, வெட்ட வெளியில். ஒரு பருவம் முழுக்க அங்கேதான். நடுவில் காய்ச்சலில் விழுந்து எழுந்தார் என்று கேள்விப்பட்டேன். நான் கொடுத்தனுப்பிய பணத்தை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினார்.

பருவம் முடிந்து ஒரு நாள், யாரும் கூப்பிடாமல், காசியம்மாள் தாலுகா ஆபீசுக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கிளார்க் வாக்குமூலத்தை வாசித்தார். மகன் பெயர், வயது, இருக்குமிடம் தெரியாது. காசியம்மாள் கேட்டு முடித்து, மகன் வயதில் ஒன்றைக் குறைக்கச் சொன்னார். கிளார்க் திருத்தினார். இடது கைப் பெருவிரலில் மையைத் தடவித் தாளில் வைத்து அழுத்தினார்கள். அங்கே மிஷின் இல்லாததால் முதல் முறையே விழுந்துவிட்டது. தேய்ந்த ரேகைதான், ஆனாலும் கறுப்பாக நன்றாக விழுந்தது. மையை அவர் தலைமயிரில் துடைத்துக்கொண்டார்.

வேலை முடிந்தது என்று எழுந்தோம். காசியம்மாள் நகரவில்லை. ஃபைலில் இருந்த அந்தப் பேப்பர் துண்டு திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார். ஆவணம், கொடுக்க முடியாது என்றார் கிளார்க்.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம்.

"உங்ககிட்ட இன்னொன்னு இருக்குமா சார்?"

இருந்தது. என் செய்தி வந்த நாளின் பேப்பரை எல்லாம் நான் கட்டி வைத்திருப்பேன். ஜெராக்ஸ் கடை மாடிக்குக் கூட்டிப்போய், கட்டைப் பிரித்துத் தேடி எடுத்தேன். அவர் படத்தை மட்டும் தனியே வெட்டிக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கத்தரிக்கோலைப் படத்துக்குக் கீழே கொண்டுபோனபோது, "எழுத்தோட வெட்டுங்க சார்" என்றார்.

எழுத்தோடு வெட்டினேன்.

"படிச்சி காட்டுங்க. நீங்க படிச்சி நான் கேட்டதில்ல."

பெயரையும் வயதையும் ஊரையும் படித்தேன். அறிவிப்பு மகிழ்ச்சி அளிக்கிறது, அரசுக்கு நன்றி என்பதைப் படித்தேன். நிறுத்தினேன். அவர் காத்திருந்தார். கேரளாவில் வேலை பார்க்கும் என் மகனும் மாதந்தோறும் பணம் அனுப்புவதால் நிம்மதியாக இருக்கிறேன் என்பதையும் படித்தேன்.

காசியம்மாள் அதை மடிக்காமல் வாங்கிக்கொண்டு, கீழே லேமினேஷன் செய்யும் கடை திறந்திருக்கிறதா என்று கேட்டார்.